சீரகத்தின் இரும்பு எங்கிருந்து வருகிறது? விளையும் இடமும் நறுமண விதைகளின் சத்தும்

அமெரிக்க வேளாண் துறையின் சத்துப் பட்டியலில் 100 கிராம் சீரகத்தில் ஏறத்தாழ 66 மில்லிகிராம் இரும்பு இருப்பதாகக் காணலாம். வேறு சில நாடுகளின் பட்டியல்களைப் புரட்டினால் அதில் பாதிகூட இராது. ஒரே செடியின் ஒரே பகுதியைப் பற்றிய எண்கள் இவ்வளவு விலகி நிற்பதைப் பார்க்கும் வாசகர், யாரோ தவறாக அளந்துவிட்டார்கள் என்றோ, ஒரு நாட்டின் மண் மற்றொன்றைவிட வளமானது என்றோ முடிவு கட்டிவிடுகிறார். ‘இந்த மண்ணில் விளைந்தது, ஆகவே சத்து மிகுந்தது’ என்ற விற்பனை வாசகங்கள் இரண்டாவது முடிவை மேலும் உறுதிப்படுத்துகின்றன. விளையும் இடம் விதையின் சத்தை மாற்றுவது உண்மை. ஆனால் எல்லாச் சத்துகளையும் அது ஒரே அளவில் மாற்றுவதில்லை, சிலவற்றை மாற்றுவதேயில்லை. எந்தச் சத்து, எந்த வழியாக, எவ்வளவு மாறுகிறது என்று பிரித்துப் பார்த்தால்தான் அந்த எண்கள் பொருள் தரும்.

விதை என்று நாம் அழைப்பது எதனை?

கொத்தமல்லி, சீரகம், சோம்பு, ஓமம், சதகுப்பை ஆகியவற்றில் நாம் விதை என்று சொல்வது, தாவரவியலின்படி முழுக் கனியாகும். இரண்டு பாதிகள் ஒட்டி உருவாகி, முற்றியபின் பிளவுபடும் உலர்கனி அது. அதன் தோல், கனியின் சுவர். அந்தச் சுவரில் நறுமண எண்ணெயைத் தேக்கிவைக்கும் மெல்லிய நாளங்கள் ஓடுகின்றன. சோம்பின் ஒவ்வொரு பாதியிலும் வழக்கமாக ஆறு நாளங்கள் உண்டு; கொத்தமல்லியின் ஒவ்வொரு பாதியிலும் இரண்டே உண்டு. வெந்தயம், கடுகு, கசகசா, கருஞ்சீரகம் ஆகியவை இவற்றிலிருந்து வேறுபட்டவை. இவை காய்க்குள்ளிருந்து வெளிவரும் உண்மையான விதைகள்.

இந்த வேறுபாடு பெயரளவிலானது என்று ஒதுக்கிவிட முடியாது. கனிச்சுவர் வெளிக்காற்றுக்கும் தூசிக்கும் நேரடியாகத் திறந்திருப்பது, நார்ச்சத்து மிகுந்தது. காய்க்குள் மூடிக்கிடக்கும் வெந்தயத்துக்கும் கடுகுக்கும் அந்த நிலை இல்லை. விளைநிலத்தின் தாக்கம் இவ்விரு வகைகளிலும் ஒரேபோல அமையாததற்கு இதுவும் ஒரு காரணம்.

‘இடம்’ என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனை காரணிகள்?

ஆய்வறிக்கைகளில் ‘விளைந்த இடம்’ என்று ஒரே சொல்லாக எழுதப்படுவது, உண்மையில் பல காரணிகளின் தொகுப்பு:

1. மண்ணில் ஒரு தாதுவின் மொத்த அளவும், அதில் வேரால் எடுத்துக்கொள்ளக்கூடிய பங்கும். இவை இரண்டும் ஒன்றல்ல.
2. மண்ணின் பி.எச். மதிப்பு (அமில–காரத் தன்மையின் அளவு; எண் கூடினால் காரத்தன்மை கூடும்), உப்புத்தன்மை, மட்கின் அளவு.
3. விதை முற்றும் வாரங்களில் நிலவும் வெப்பநிலை. ஆண்டுச் சராசரி வெப்பத்தைவிட இந்தச் சில வாரங்களே பெரிதும் கணக்கில் வரும்.
4. நீர் கிடைக்கும் அளவும், அது கிடைக்கும் காலமும்.
5. பகல் நீளமும் ஒளியின் செறிவும்; இவை அட்சரேகையையும் உயரத்தையும் பொறுத்தவை.
6. அந்தப் பகுதியில் வழிவழியாகப் பயிரிடப்படும் ரகம்.
7. உரமிடுதல், அறுவடைப் பருவம், காயவைக்கும் முறை.

கடைசி இரண்டும் இடத்தின் இயல்புகள் அல்ல; இடத்தோடு சேர்ந்தே வருவதால் அதன் கணக்கில் எழுதப்பட்டுவிடுபவை. குழப்பத்தின் பெரும்பகுதி இவற்றிலிருந்தே பிறக்கிறது.

உறிஞ்சப்படுவனவும் உண்டாக்கப்படுவனவும்

விதையின் சத்துகளை இரண்டாகப் பிரித்துக்கொள்வது தெளிவு தரும். இரும்பு, துத்தநாகம், செலினியம், கால்சியம் போன்ற தாதுக்களைச் செடி உண்டாக்க முடியாது. மண்ணில் இருப்பதைத்தான் உறிஞ்ச முடியும். புரதம், கொழுப்பு, மாவுப்பொருள், நறுமணச் சேர்மங்கள் ஆகியவற்றைச் செடி தன் நொதிகளைக் கொண்டு தானே உண்டாக்குகிறது. என்ன உண்டாக்குவது என்பதை மரபணு தீர்மானிக்க, எவ்வளவு உண்டாக்குவது என்பதில் வானிலை தலையிடுகிறது. ஆகவே முதல் வகையில் மண்ணின் கை ஓங்கியும், இரண்டாம் வகையில் மரபின் கை ஓங்கியும் இருப்பதே பொது நிலை.

தாதுக்கள்: மண்ணில் இருந்தால் மட்டும் போதாது

பெரும்பாலான மண்களில் இரும்பு எடையளவில் சில சதவீதம் இருக்கிறது. எந்தச் செடிக்கும் அது தேவைக்கு மிக அதிகம். ஆனால் பி.எச். மதிப்பு ஓர் அலகு உயரும்போது, மண்நீரில் கரைந்து நிற்கும் மும்மதிப்பு இரும்பு அயனியின் செயல்திறன் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காகவும், துத்தநாக அயனியுடையது ஏறத்தாழ நூறில் ஒரு பங்காகவும் குறைகிறது. சுண்ணாம்பு மிகுந்த வறண்ட நிலங்களில் பயிர்கள் இரும்புக் குறைவால் வெளிறுவதும், துருக்கியின் மத்திய அனத்தோலியா போன்ற பகுதிகளில் துத்தநாகக் குறைவு பரவலாகக் காணப்படுவதும் இதனால்தான். தாது அங்கே பூட்டப்பட்டிருக்கிறது. சிவந்த மண்ணைப் பார்த்து ‘இரும்பு நிறைந்த மண், ஆகவே இரும்பு நிறைந்த விதை’ என்று முடிவு செய்வது பிழையாவதற்கும் இதுவே காரணம்.

உறிஞ்சிய தாது அப்படியே விதைக்குச் சென்றுவிடுவதும் இல்லை. வேரிலிருந்து நீரோடு மேலேறும் சைலம் குழாய் பெரும்பாலும் இலைகளில் முடிகிறது. விதைக்குள் உணவைக் கொண்டுசேர்ப்பது ஃபுளோயம். அந்த வழியில் இரும்பையும் துத்தநாகத்தையும் செடி கட்டுப்படுத்தியே அனுப்புகிறது. இதனால் ஒரே வயலில் இலையின் இரும்பு பெரிதும் ஏறி இறங்கும்போதுகூட விதையின் இரும்பு அவ்வளவாக அசைவதில்லை.

கால்சியம் ஃபுளோயத்தில் எளிதில் நகராத தாது. ஆயினும் அதே அமெரிக்கப் பட்டியலில் 100 கிராம் சோம்புக்கு ஏறத்தாழ 1,200 மி.கி. கால்சியமும், சீரகத்துக்கு 900 மி.கி.க்கு மேலும் காணப்படுகின்றன. வெந்தயத்துக்கோ 176 மி.கி. அளவே உண்டு. கனியாகவே உண்ணப்படும் விதைகளில் கால்சியம் உயர்ந்து நிற்கும் இந்த வேறுபாடு எந்த நாட்டின் மண்ணாலும் வந்ததன்று, செடிக் குடும்பத்தின் உடலமைப்பால் வந்தது. மேலும் சோம்பு, கொத்தமல்லி போன்றவற்றின் உள்தசையில் நுண்ணிய கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உள்ளன. அந்த வடிவிலுள்ள கால்சியத்தை உடல் சரிவர உட்கவர்வதில்லை. பட்டியலில் உள்ள எண் பெரிதாக இருப்பதாலேயே பயனும் அதே அளவுக்கு வந்துசேரும் என்று கொள்ளக்கூடாது.

மண்ணின் கையெழுத்து தெளிவாகத் தெரியும் தாது ஒன்று உண்டென்றால் அது செலினியம். செடி அதற்கெனத் தனி வழி வைத்திருக்கவில்லை. வேதியியலில் கந்தகத்தை ஒத்திருப்பதால், கந்தகத்தை உள்ளே கொண்டுசெல்லும் புரதங்களின் வழியாகவே செலினியமும் நுழைந்துவிடுகிறது. கடுகு கந்தகத்தைப் பெருமளவில் நாடும் பயிர். ஆகவே மண்ணில் செலினியம் இருந்தால் அதையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறது. செலினியம் மிகுந்த நிலங்களிலிருந்து அதை நீக்க இந்தியக் கடுகுச் செடியையே பயன்படுத்திப் பார்த்திருக்கிறார்கள் என்பது இந்த ஈர்ப்பின் வலிமையைக் காட்டும். உலகில் இதன் பரவலோ மிகவும் ஏற்றத்தாழ்வானது: அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் கால்நடைகளுக்கு நஞ்சாகும் அளவு செலினியம் கொண்ட மண்கள் உள்ளன, ஃபின்லாந்திலோ மண்ணில் கிடைக்கும் அளவு மிகக் குறைவாக இருந்ததால் 1980களின் நடுப்பகுதியிலிருந்து உரத்தில் செலினியத்தைச் சேர்த்துவருகிறார்கள். அமெரிக்கப் பட்டியல் 100 கிராம் அரைத்த கடுகில் ஏறத்தாழ 208 மைக்ரோகிராம் செலினியம் இருப்பதாகச் சொல்வதை இந்தப் பின்னணியில்தான் படிக்க வேண்டும். அந்த எண்ணை எல்லா நாட்டுக் கடுகுக்கும் பொருத்துவது, ஓர் ஊரின் மழையளவை உலகுக்கே பொருத்துவது போன்றது.

புரதமும் கொழுப்பும்: விதை முற்றும் வாரங்களின் கதை

புரதத்துக்கு அடிப்படை நைட்ரஜன். கொத்தமல்லியும் சீரகமும் மண்ணிலுள்ள நைட்ரஜனை நம்பியிருப்பவை. வெந்தயமோ பயறுக் குடும்பத்தைச் சேர்ந்தது, தன் வேர்முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்களின் துணையால் காற்றின் நைட்ரஜனைப் பயன்படுத்திக்கொள்வது. ஆகவே நைட்ரஜன் குறைந்த நிலத்திலும் வெந்தயத்தின் புரதம் அவ்வளவாகச் சரிவதில்லை, உரிய பாக்டீரியா மண்ணில் இருக்கும் வரையில். விதை முற்றும் காலத்தில் வறட்சி வந்தால் பெரும்பாலும் ஒரு விசித்திரம் நிகழ்கிறது: சதவீதக் கணக்கில் புரதம் கூடுகிறது. இலைகளிலிருந்து நைட்ரஜன் விதைக்கு வந்துகொண்டேயிருக்க, மாவுப்பொருளும் எண்ணெயும் சேர்வது தடைப்படுவதே காரணம். அந்தச் சிறுத்த விதையில் புரதச் சதவீதம் உயர்ந்தாலும், வயலின் மொத்தப் புரத விளைச்சல் குறைந்திருக்கும்.

கொழுப்பில் வெப்பநிலையின் தாக்கம் நன்கு நிறுவப்பட்டது. 1965இல் கனடாவில் வெளியான ஓர் ஆய்வு, ஐந்து எண்ணெய் வித்துப் பயிர்களை வெவ்வேறு வெப்பநிலைகளில் வளர்த்துப் பார்த்தது. கடுகுக்கு உறவான ரேப், ஆளி, சூரியகாந்தி ஆகியவற்றில், குளிரில் முற்றிய விதைகளின் எண்ணெயில் நிறைவுறாத் தன்மை மிகுந்திருந்தது; குசும்பாவிலும் ஆமணக்கிலும் அத்தகைய மாற்றம் தென்படவில்லை. கொழுப்பமிலத்தில் கூடுதல் இரட்டைப் பிணைப்பை இடும் நொதிகள் பல செடிகளில் வெப்பத்தில் தளர்ந்துவிடுவதே பொதுவான விளக்கம். எனவே ஒரே ரகக் கடுகு குளிர்ந்த வடபகுதியில் விளையும்போது லினோலெனிக் அமிலம் சற்று மிகுந்தும், வெப்பமான பகுதியில் ஓலிக் அமிலம் சற்று மிகுந்தும் இருப்பது எதிர்பார்க்கத்தக்கதே. ஆனால் கடுகெண்ணெயில் எரூசிக் அமிலம் 40 சதவீதத்துக்கு மேல் இருக்குமா, ஏறக்குறைய இல்லாமலே போகுமா என்பது ரகத்தின் மரபணு தீர்மானிப்பது. எந்த வானிலையும் ஒன்றை மற்றொன்றாக்கிவிடாது. கொத்தமல்லியின் நிலைத்த (ஆவியாகாத) எண்ணெயிலும் இதே நிலைதான். அதில் பெட்ரோசெலினிக் அமிலம் என்னும் கொழுப்பமிலம் எங்கு விளைந்தாலும் முதலிடத்தில் நிற்கும். இடம் மாற்றுவது அதைச் சூழ்ந்துள்ள சிறு பங்குகளைத்தான்.

நறுமணம்: மரபையும் மண்ணையும் பிரித்தறிவது

கொத்தமல்லியில் இரண்டு பெரும் வகைகள் உள்ளன. 3 மில்லிமீட்டருக்கு மேல் விட்டமுள்ள பெரிய கனி வெப்பப் பகுதிகளிலும், அதனினும் சிறிய கனி ரஷ்யா, மத்திய ஐரோப்பா போன்ற குளிர்ந்த பகுதிகளிலும் பெரும்பாலும் பயிராகின்றன. பெரிய கனியில் நறுமண எண்ணெய் பொதுவாக 0.1 முதல் 0.35 சதவீதம், சிறிய கனியில் 0.8 முதல் 1.8 சதவீதம். இரு நாட்டுக் கொத்தமல்லிகளை வாங்கி ஆய்ந்த ஒருவர், ‘குளிர்நாட்டு மண்ணில் நறுமணம் பல மடங்கு கூடுகிறது’ என்று எழுதினால், அவர் அளந்தது மண்ணையன்று, இரு வகைகளை.

கடுகிலும் இதற்கு நல்ல சான்று உண்டு. இந்தியத் துணைக்கண்டத்துப் பழுப்புக் கடுகில் குளுக்கோனாபின் என்னும் காரச் சேர்மம் மேலோங்கியிருக்கும். கிழக்கு ஐரோப்பிய வகைகளில் சினிக்ரின் என்னும் வேறொரு காரச் சேர்மம் மேலோங்கியிருக்கும். காரத்தின் தன்மையே இதனால் வேறுபடுகிறது. இது மரபுவழி. ஆனால் அதே கடுகை ஒரே விதையிலிருந்து கந்தகம் மிகுந்த நிலத்திலும் குறைந்த நிலத்திலும் பயிரிட்டால், காரத்தைத் தரும் அந்தச் சேர்மங்களின் மொத்த அளவு மாறும்; ஏனெனில் அவற்றின் மூலக்கூறிலேயே கந்தகம் இருக்கிறது. எந்த வகைக் காரம் என்பதற்கு மரபும், எவ்வளவு காரம் என்பதற்கு மண்ணும் பொறுப்பு. இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

சோம்பில் ஐரோப்பிய மருந்தியல் தரநூல் இனிப்பு வகை, கசப்பு வகை என இரண்டைத் தனித்தனியாக வரையறுக்கிறது: இனிப்பு வகையின் எண்ணெயில், இனிப்பைத் தரும் அனெதோல் 80 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, கசப்பைத் தரும் ஃபென்கோன் 7.5 சதவீதத்தை மீறக்கூடாது. கசப்பு வகைக்கு அனெதோல் 60 சதவீதமும் ஃபென்கோன் 15 சதவீதமும் குறைந்தபட்ச அளவுகள். சதகுப்பையிலும் இந்திய வகையின் எண்ணெயில் டில்லாபியோல் என்னும் சேர்மம் கணிசமாக இருக்க, ஐரோப்பிய வகையில் அது மிகக் குறைவு.

மரபையும் இடத்தையும் பிரிப்பதற்கு ஒரே நம்பகமான வழி, ஒரே ரகங்களைப் பல இடங்களில், ஓராண்டுக்கு மேல், ஒரே முறையில் பயிரிட்டு அளப்பதாகும். அப்படிச் செய்யும்போது மூன்றாவதாக ஒன்றும் வெளிப்படும். ஓரிடத்தில் முதலாவதாக நின்ற ரகம் வேறிடத்தில் கடைசிக்குப் போய்விடலாம். இதனை மரபு–சூழல் இடைவினை என்பார்கள். அது வலுவாக இருக்கும் சத்துக்கு ‘சிறந்த ரகம்’ என்றோ ‘சிறந்த இடம்’ என்றோ தனித்தனியே சொல்ல இயலாது; இன்ன ரகத்துக்கு இன்ன இடம் என்றே சொல்ல முடியும். கடைகளில் வாங்கிய மாதிரிகளை நாட்டுப் பெயரிட்டு ஒப்பிடும் ஆய்வுகள் இந்த வினாவுக்கு விடை தரவல்லவை அல்ல.

எண்களே ஏமாற்றும் இடங்கள்

முதலில் எழுப்பிய வினாவுக்கு இங்கேதான் விடையின் பெரும்பகுதி இருக்கிறது.

1. மண்தூசி. ஒரு மண்ணில் இரும்பு 3 சதவீதம் என்று கொள்வோம். 100 கிராம் சீரகத்தில் அந்த மண் 1 கிராம் ஒட்டியிருந்தாலே 30 மி.கி. இரும்பு கூடிவிடும். வரிகளும் மயிரிழைகளும் கொண்ட சீரகக் கனியில் தூசி எளிதில் தங்கும். தரையில் அடித்துக் காயவைத்தால் இன்னும் தங்கும். அரைக்கும் இயந்திரத்தின் இரும்பும் இதோடு சேரலாம். இத்தகைய இரும்பின் பெரும்பகுதியை உடல் பயன்படுத்திக்கொள்ளும் என்று எதிர்பார்க்க முடியாது. இதைக் கண்டறிய வழிகள் உண்டு: நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரையாத சாம்பல் மிகுந்தால் மணல் கலந்திருக்கிறது, செடிகள் மிகக் குறைவாகவே உறிஞ்சும் டைட்டானியம் மிகுந்தால் மண் கலந்திருக்கிறது. இவற்றை அளக்காமல் இரும்பை மட்டும் அளந்த ஓர் ஆய்வின் உயர்ந்த எண்ணை நான் நம்பமாட்டேன்.

2. ஈரப்பதம். உலர் எடையில் 20 சதவீதம் புரதமுள்ள விதை, 6 சதவீத ஈரத்தோடு 18.8 என்றும், 12 சதவீத ஈரத்தோடு 17.6 என்றும் காட்டும். விதை மாறவில்லை, அது கிடந்த கிடங்குதான் மாறியது.

3. புரதக் கணக்கு. பெரும்பாலும் நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்கியே புரதம் என்று எழுதுகிறார்கள். கடுகின் காரச் சேர்மங்களான குளுக்கோசினோலேட்டுகளிலும், வெந்தயத்திலுள்ள டிரைகோனெல்லின் என்னும் புரதமல்லாத சேர்மத்திலும் உள்ள நைட்ரஜனும் அந்தக் கணக்கில் புரதமாகிவிடுகிறது.

4. கொழுப்புக் கணக்கு. ஈதரில் கரைவதையெல்லாம் கொழுப்பு என்றால் நறுமண எண்ணெயும் அதில் அடங்கும். ஆகவேதான் நறுமணப் பொருள்களுக்கான ஆய்வகங்கள் ஆவியாகும் எண்ணெயையும், ஆவியாகாத ஈதர் சாற்றையும் தனித்தனியே தருகின்றன.

5. பருவம். பச்சைக் கொத்தமல்லிக் கனியில் ஆல்டிஹைடுகள் என்னும் மணச்சேர்மங்கள் மேலோங்கியிருக்கும். முற்றியபின் லினலூல் என்னும் வேறொரு மணச்சேர்மம் மேலோங்கும். பத்து நாள் முந்தி அறுத்த வயலுக்கும் பிந்தி அறுத்த வயலுக்கும் உள்ள வேறுபாடு, இரு நாடுகளுக்கு இடையிலான வேறுபாடாக அறிக்கையில் தோன்றக்கூடும்.

உண்பவருக்கு இது எவ்வளவு பொருட்டு?

ஒரு தேக்கரண்டிச் சீரகம் ஏறத்தாழ 2 கிராம். 100 கிராமுக்கு 66 மி.கி. என்ற உயர்ந்த எண்ணையே எடுத்துக்கொண்டாலும் அதில் 1.3 மி.கி. இரும்புதான். அமெரிக்கப் பரிந்துரையின்படி வளர்ந்த ஆண்களுக்கு நாளொன்றுக்கு 8 மி.கி., மாதவிடாய்ப் பருவப் பெண்களுக்கு 18 மி.கி. இரும்பு தேவை. விளைநிலத்தால் சீரகத்தின் இரும்பு மூன்றில் ஒரு பங்கு கூடினாலோ குறைந்தாலோ, கிடைக்கும் மாற்றம் 0.4 மி.கி. அளவே. இரத்தச்சோகையால் அவதியுறும் ஒருவரிடம் இன்ன இடத்துச் சீரகத்தை நாடச் சொல்வது, அவருக்குத் தேவையான சிகிச்சையைத் தள்ளிப்போடவைக்கும் தவறான அறிவுரை.

அளவு பெரிதாகும்போது இடத்தின் வேறுபாடும் பெரிதாகும். கடுகெண்ணெய் அன்றாடச் சமையல் எண்ணெயாக இருக்குமிடத்தில் அதன் கொழுப்பமில அமைப்பு முக்கியமானது. வெந்தயத்தை நார்ச்சத்துக்காகப் பல கிராம் அளவில் உட்கொள்வோருக்கு அதிலுள்ள கேலக்டோமன்னான் என்னும் நார்ப்பொருளின் அளவு முக்கியமானது. நறுமண எண்ணெயைப் பிரித்தெடுக்கும் தொழிலுக்கோ 0.3 சதவீதத்துக்கும் 1 சதவீதத்துக்கும் உள்ள வேறுபாடே தொழில் நடப்பதா நிற்பதா என்பதை முடிவு செய்யும்.

விதை எங்கு விளைந்தது என்பதைச் சரிபார்க்கவும் இந்த வேறுபாடுகள் பயன்படுகின்றன. மழைநீரின் ஆக்சிஜன், ஹைட்ரஜன் ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுவகை) விகிதங்கள் கடலிலிருந்து உள்ள தொலைவையும் உயரத்தையும் ஒட்டி மாறுபவை. ஸ்ட்ரான்சியத்தின் ஐசோடோப்பு விகிதம் அடியிலுள்ள பாறையின் வயதையும் வகையையும் ஒட்டியது. செடி இவற்றை ஏறக்குறைய மாற்றாமலோ, கணிக்கத்தக்க சிறு மாற்றத்தோடோ தன்னுள் ஏந்திக்கொள்கிறது. இந்த அடையாளங்கள் விதை பிறந்த இடத்தைச் சொல்லும். அதன் சத்தின் உயர்வு தாழ்வைப் பற்றி எதுவும் சொல்லா.

அதே வழியில் நுழையும் காட்மியம்

மண்ணின் துத்தநாகத்தை வேருக்குள் கொண்டுவரும் வழிகளில், வேதியியலில் அதற்கு நெருங்கிய நச்சு உலோகமான காட்மியமும் நுழைகிறது. மண் அமிலத்தன்மை அடையும்போது இரண்டும் எளிதில் கிடைப்பனவாகின்றன. ஆகவே தாதுக்கள் மிகுதியாகக் கிடைக்கும் நிலம் என்பது எப்போதும் நற்செய்தியாக இருப்பதில்லை. கசகசா இயல்பாகவே காட்மியத்தை விதையில் சேர்க்கும் செடி. ஐரோப்பிய ஒன்றியம் 2021இல் வகுத்த வரம்பு, கடுகுக்குக் கிலோவுக்கு 0.30 மி.கி. என்றும், கசகசாவுக்கு 1.20 மி.கி. என்றும் வேறுபடுவது, எல்லா விதைகளும் ஒரே மண்ணை ஒரேபோல உறிஞ்சுவதில்லை என்பதைச் சட்டமே ஏற்றுக்கொண்டதன் விளைவு. ஒரே நாட்டுக்குள் அடுத்தடுத்த வயல்களிலேயே பி.எச். மதிப்பும், பாஸ்பேட் உரத்தின் வழியாக வந்துசேர்ந்த காட்மியமும் வேறுபடுவதால், நாட்டின் பெயரைக் கொண்டு ஒரு மூட்டையின் பாதுகாப்பைக் கணிக்க முடியாது. அந்த மூட்டையிலிருந்து மாதிரி எடுத்துத்தான் அளக்க வேண்டும்.